இங்கிலாந்து மாளிகை ஹோட்டலில் ஆஃப்டர்நூன் டீ: முதல்முறை போகிறவர்களுக்கு

மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு ஆஃப்டர்நூன் டீக்குப் போகாதீர்கள். முதல்முறை போகிறவர்கள் பலரும் இதில்தான் சறுக்குகிறார்கள். பெயரில் டீ இருந்தாலும் மேசைக்கு வருவது ஒரு வேளைச் சாப்பாடு. ஆளுக்கு நான்கைந்து சாண்ட்விச் துண்டுகள், ஸ்கோன் எனப்படும் சிறு பன் போன்ற ரொட்டி இரண்டு, அவற்றுக்கு ஜாமும் கிளாட்டட் கிரீம் என்ற கெட்டிப் பாலேடும், மூன்று நான்கு சிறு கேக்குகள், போதும் என்று சொல்லும்வரை டீ. உட்கார்ந்து எழ ஒன்றரை மணி நேரமாவது ஆகும். காலையில் அளவாகச் சாப்பிட்டு, மதியத்தை விட்டுவிட்டு, இரண்டரை மூன்று மணிக்குப் போய் உட்கார்ந்தால் பலருக்கு இரவுச் சாப்பாடே தேவைப்படாது.

லண்டனிலும் பெரிய ஹோட்டல்களில் இது கிடைக்கும். ஆனால் நாட்டுப்புறத்து மாளிகைகளில்தான் இந்தப் பழக்கம் பிறந்தது. பிரபுக் குடும்பங்கள் வாழ்ந்த வீடுகள் பல இன்று ஹோட்டல்களாக இயங்குகின்றன. தேம்ஸ் கரையில் பக்கிங்ஹாம்ஷையரில் உள்ள கிளிவ்டன், கட்டடக் கலைஞர் சார்லஸ் பேரி 1851-இல் கட்டிக்கொடுத்த மாளிகை. ஐல்ஸ்பரி அருகே உள்ள ஹார்ட்வெல் ஹவுஸில் பிரான்ஸின் பதினெட்டாம் லூயி 1809 முதல் 1814 வரை நாடுகடந்து வாழ்ந்தார். யார்க் நகருக்கு வெளியே மிடில்தார்ப் ஹால், வேல்ஸில் லாண்டட்னோ அருகே பொடிஸ்கேலன் ஹால் என்று இந்த வகை மாளிகைகள் நாடெங்கும் உண்டு. இத்தகைய இடங்களில் டீ குடிக்க அறை எடுத்துத் தங்க வேண்டியதில்லை. முன்பதிவு இருந்தால் போதும்.

பழக்கத்தைத் தொடங்கிவைத்தவராகச் சொல்லப்படுபவர் பெட்ஃபர்டின் ஏழாவது டியூக்கின் மனைவி அன்னா மரியா (1783–1857). விக்டோரியா அரசிக்கு நெருக்கமான பணிப்பெண்களில் ஒருவர். 1840-களில் மேல்தட்டு வீடுகளில் இரவு விருந்து எட்டு மணியை ஒட்டித் தள்ளிப்போயிருந்தது. மதியம் சாப்பிடுவதோ கொஞ்சம். நடுவில் வரும் பசிக்கு அவர் வோபர்ன் மாளிகையில் தன் அறைக்கே டீயும் ரொட்டியும் வெண்ணெயும் வரவழைத்தார், பிறகு தோழிகளையும் கூப்பிட்டார் என்பது வழிவழியாக வரும் கதை. கதை எவ்வளவு சரியோ, இதை வரவேற்பறையில் சோபாவில் உட்கார்ந்து, முன்னால் உள்ள குட்டை மேசையில் வைத்துச் சாப்பிட்டார்கள் என்பது முக்கியம். மடியில் நாப்கின், ஒரு கையில் சாஸர், மறு கையில் சாப்பாடு. அப்படிச் சாப்பிடத் தோதாகத்தான் எல்லாமே இரண்டு கடி அளவில் இருக்கின்றன, சாண்ட்விச்சுக்கு ஓரம் வெட்டப்படுகிறது, கத்திக்கு ஸ்கோனைத் தவிர வேறெங்கும் பெரிதாக வேலை இல்லை.

ஹை டீ என்பது இதற்கு உயர்ந்த வகை என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இங்கிலாந்தில் அது தொழிலாளர் குடும்பங்களின் மாலைச் சாப்பாடு. வேலை முடிந்து வந்து, ஐந்து ஆறு மணிக்குச் சாப்பாட்டு மேசையில் இறைச்சி, சீஸ், ரொட்டி எல்லாம் வைத்துச் சாப்பிடுவது. இலங்கையில் நுவரெலியா போன்ற ஊர்களின் ஹோட்டல்கள் ஆஃப்டர்நூன் டீயின் மூன்றடுக்குத் தட்டு விருந்தையே ஹை டீ என்று விளம்பரம் செய்வதால் குழப்பம் கூடுகிறது. ஸ்கோனும் ஜாமும் கிரீமும் டீயும் மட்டும் வருவது கிரீம் டீ. விலை பெரும்பாலும் பாதிக்கும் கீழே. சாண்ட்விச்சும் கேக்கும் வேண்டாம் என்றால் அதையே எடுத்துக்கொள்ளலாம். சொல்லப்போனால், ஸ்கோன் நன்றாக இருக்கும் இடத்தில் கிரீம் டீதான் கொடுத்த காசுக்கு நிறைவு.

முன்பதிவும் சைவமும்

நேரில் போய் நின்றால் இடம் கிடைப்பது அரிது. சமையலறை அன்று காலையிலேயே எத்தனை பேருக்கு என்று எண்ணி வேலை செய்வதால், பல ஹோட்டல்கள் 24 அல்லது 48 மணி நேரத்துக்கு முன்பே சொல்லச் சொல்கின்றன. கார்டு விவரம் வாங்குவார்கள். கடைசி நேரத்தில் வராமல் போனால் அதிலிருந்து பணம் எடுப்பார்கள். ஆளுக்கு 35 முதல் 60 பவுண்டு வரை பல மாளிகை ஹோட்டல்களில் வழக்கமான விலை. ஷாம்பெயின் சேர்த்தால் அதற்கு மேல். ஷாம்பெயின் சேர்ந்த விலையே இணையத்தில் முதலில் கண்ணில் படும். குடிக்காதவர்கள் அது இல்லாத விலையைத் தேடி எடுங்கள். வார நாட்களில் சில இடங்களில் மலிவு. ஞாயிறன்று மதிய விருந்துக்கு வந்த கூட்டம் கலைவதற்கு மூன்று மணியாகும் என்பதால், அமைதி வேண்டுமென்றால் செவ்வாய், புதன் நல்லது. மார்ச் மாதத்தை ஒட்டி வரும் இங்கிலாந்தின் அன்னையர் ஞாயிறு வாரங்களுக்கு முன்பே நிரம்பிவிடும்.

தோட்டத்தைப் பார்க்கவும் ஆசை இருந்தால் பருவத்தைக் கணக்கில் வையுங்கள். டிசம்பரில் நான்கு மணிக்கே இருட்டிவிடும். அப்போது பன்னிரண்டு, ஒரு மணி இடத்தை எடுத்து, சாப்பிட்டபின் நடக்கலாம். ஜூனில் ஒன்பது மணி வரை வெளிச்சம் இருப்பதால் நான்கு மணிக்குப் போனாலும் கவலையில்லை.

உணவுக் கட்டுப்பாட்டைப் பதிவின்போதே எழுதிவிட வேண்டும். மேசையில் உட்கார்ந்து சொன்னால், தட்டிலிருந்து ஆகாததை எடுத்துவிட்டு மிச்சத்தைத்தான் தருவார்கள். இங்கே நம்மவர்கள் கவனிக்க வேண்டியது: இங்கிலாந்தில் வெஜிடேரியன் என்றால் முட்டை உண்டு. மீன் சாண்ட்விச்சை எடுத்துவிட்டு அந்த இடத்தில் முட்டை சாண்ட்விச்சைத்தான் வைப்பார்கள். முட்டைக்குப் பயந்து வீகன் என்று சொன்னால் பாலும் வெண்ணெயும் கிளாட்டட் கிரீமும் சேர்ந்து போய்விடும். “பால் பொருட்கள் ஆகும், முட்டை ஆகாது, கேக்கிலும் ஆகாது” என்று தனியாக எழுதுங்கள். ஸ்கோனின் மேல்புறத்தில் மினுமினுப்புக்கு முட்டை தடவுவது வழக்கம் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

அடுத்தது ஜெலட்டின். மூஸ், ஜெல்லி, பன்னா கோட்டா, மார்ஷ்மெல்லோ போன்ற மெத்தென்ற இனிப்புகளை உறைய வைப்பது பெரும்பாலும் பன்றி அல்லது மாட்டிலிருந்து எடுத்த ஜெலட்டின். பார்த்தால் தெரியாது. பார்மசான் போன்ற சீஸ்களில், பாலைத் திரிக்கும் ரென்னெட் என்ற விலங்குப் பொருள் இருக்கும். சாண்ட்விச் வரிசையில் பன்றி ஹாமும், ஹார்ஸ்ராடிஷ் என்ற காரக் கிழங்கின் விழுது தடவிய மாட்டிறைச்சியும் சாதாரணமாக வரும். உலர்பழக் கேக்கில் பிராந்தி ஊற்றியிருக்கலாம். ஹலால் பார்ப்பவர்கள் மதுவையும் சொல்ல வேண்டும். ஒவ்வாமை இருந்தால் தயங்க வேண்டாம். பட்டியலிட்ட 14 ஒவ்வாமைப் பொருட்கள் எந்த உணவில் இருக்கின்றன என்று சொல்வது பிரிட்டனில் சட்டக் கடமை. பேட்டன்பர்க் கேக்கைச் சுற்றியிருக்கும் மஞ்சள் போர்வையும் பேக்வெல் டார்ட்டின் உள்ளீடும் பாதாம் என்பது பலருக்குத் தெரியாது.

உடைக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். விளையாட்டு உடை, கிழிசல் ஜீன்ஸ், ரப்பர் செருப்பு தவிர்த்து நேர்த்தியாக எதுவும் சரி. புடவையும் வேட்டியும் தாராளமாகப் பொருந்தும். பழைய மாளிகைகளின் அறைகள் குளிரும் என்பதால் மேலுக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

டீயைக் கெடுக்காமல் குடிப்பது

உட்கார்ந்ததும் டீப் பட்டியல் வரும். ஒரே மேசையில் ஆளுக்கொரு வகை கேட்கலாம், தனித்தனி டீ பாட்டாகத்தான் வரும். பாலில் கொதிக்க வைத்த கெட்டி டீ இங்கே கிடையாது. இலையைக் கொதிநீரில் ஊறவைத்து, சிறு குவளையில் குளிர்ந்த பாலைத் தனியாகத் தருவார்கள். நம் நாக்குக்குப் பக்கத்தில் வருவது அசாம். நிறமும் திடமும் உள்ளது, பால் தாங்கும். இங்கிலிஷ் பிரேக்ஃபாஸ்ட் என்பது பல ஊர் இலைகளின் கலவை, அதுவும் பாலுக்கு ஏற்றது. டார்ஜிலிங், அதிலும் வசந்தத்தின் முதல் பறிப்பு, மென்மையானது. பால் ஊற்றினால் கொடுத்த காசு வீண். ஏர்ல் கிரே பெர்கமாட் என்ற எலுமிச்சை இனப் பழத்தின் எண்ணெய் மணம் ஏற்றியது. லாப்சாங் சூசாங், சீனாவின் ஃபூஜியானில் பைன் விறகுப் புகையில் உலர்த்துவது. அந்தப் புகைவாடையை முதல் வாயிலேயே பிடிக்கும் அல்லது பிடிக்காது.

பட்டியலில் ஊவா, திம்புல, நுவரெலியா என்ற பெயர்கள் இருந்தால் அவை இலங்கை மலையகத்து இலைகள். 1867-இல் கண்டிக்கு அருகே லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கிய தேயிலைப் பயிர், தமிழகத்திலிருந்து போன தொழிலாளர்களின் உழைப்பில்தான் பெருகியது. இன்றும் அங்கே கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் மலையகத் தமிழர்கள். திம்புல பால் தாங்கும். நுவரெலியா வெளிர் நிறம், பால் இல்லாமல் குடித்தால்தான் அதன் மணம் தெரியும்.

டீ கெடுவது பெரும்பாலும் சமையலறையில் அல்ல, மேசையில். பாட் வந்ததும் ஊற்றினால் வெந்நீர்தான் வரும். கறுப்புத் தேயிலைக்கு மூன்று முதல் ஐந்து நிமிடம் ஊற வேண்டும். டார்ஜிலிங்குக்கு மூன்று, அசாமுக்கு நான்கு ஐந்து. பச்சைத் தேயிலைக்கு 75, 80 டிகிரி நீரும் இரண்டு நிமிடமும் போதும். ஆனால் பேச்சில் மறந்து இருபது நிமிடம் விட்டால், பாட்டுக்குள்ளேயே கிடக்கும் இலை துவர்ப்பையும் கசப்பையும் இறக்கிக்கொண்டே இருக்கும். முதல் கோப்பை அருமை, மூன்றாவது கோப்பை கஷாயம் என்பது இதனால்தான்.

இதற்கு வழி உண்டு. பாட்டைத் திறந்து பாருங்கள். உள்ளே இலைக்கூடை இருந்தால், ஊறியதும் எடுத்துச் சாஸரில் வைத்துவிடலாம். கூடை இல்லாமல் இலை தளர்வாகக் கிடந்தால் கோப்பையின் மேல் வடிகட்டியை வைத்து ஊற்றிக் குடித்துவிட்டு, மிச்சம் கசந்ததும் புது பாட் கேளுங்கள். கூடவே ஒரு ஜாடி வெந்நீர் வரும். கடுத்துப்போன டீயைக் கோப்பையில் நீர்க்கச் செய்ய வைத்திருப்பது அது. அதை டீ பாட்டுக்குள் ஊற்றினால் பழைய இலையின் கசப்பு கொஞ்சம் கூடுதல் தண்ணீரோடு வரும், அவ்வளவுதான். பாலை டீக்குப் பிறகு ஊற்றுங்கள். நிறம் பார்த்து நிறுத்த முடியும். எலுமிச்சைத் துண்டும் பாலும் ஒரே கோப்பையில் சேர்ந்தால் திரிந்துவிடும், ஏதாவது ஒன்றைத்தான் எடுக்க வேண்டும். சாண்ட்விச்சுக்கு அசாம், கேக்குக்கு டார்ஜிலிங் என்று நடுவில் வகையை மாற்றிக் கேட்பது பல இடங்களில் விலைக்குள்ளேயே அடக்கம்.

மூன்றடுக்குத் தட்டு

கீழ்த்தட்டில் சாண்ட்விச், நடுவில் ஸ்கோன், மேலே கேக். கீழிருந்து மேலே சாப்பிட்டுப் போவதுதான் வழக்கம். சில இடங்களில் ஸ்கோன் மேல்தட்டில் இருக்கும். எங்கே இருந்தாலும் காரத்திலிருந்து இனிப்புக்குப் போகும் வரிசை மாறாது.

சாண்ட்விச் விரல் நீளத் துண்டுகள். வெள்ளரிக்காய், முட்டையும் கிரெஸ் கீரையும், புகையூட்டிய சால்மன் மீனும் கிரீம் சீஸும் என்பவை அநேகமாக எங்கும் உண்டு. கொரோனேஷன் சிக்கன் 1953-இல் எலிசபெத் அரசியின் முடிசூட்டு விருந்துக்காக உருவானது. மயோனைஸில் கறித்தூளும் ஆப்ரிகாட்டும் கலந்தது. கறித்தூள் என்றதும் காரத்தை எதிர்பார்க்க வேண்டாம், தித்திக்கும். வெள்ளரிக்காய் சாண்ட்விச் எளிமையாகத் தெரிந்தாலும் சமையலறையின் கவனத்தைக் காட்டிக்கொடுக்கும். மெல்லிய வில்லைகளில் உப்புத் தூவி நீரை வடித்து, ரொட்டியின் விளிம்புவரை வெண்ணெய் பூசியிருந்தால்தான் ரொட்டி நனையாது. தொட்டதும் குழைந்தால் வடிக்காமல் வைத்திருக்கிறார்கள். துண்டின் ஓரம் உலர்ந்து மேல்நோக்கி வளைந்திருந்தால் வெகுநேரம் முன்பே வெட்டி வைத்தது. புதிதாகக் கேளுங்கள். சாண்ட்விச்சைத் திரும்ப நிரப்பித் தரும் ஹோட்டல்கள் உண்டு, கேக்கைத் திரும்பத் தருவது அரிது.

ஒரு ஹோட்டலை எடைபோட ஸ்கோன் ஒன்று போதும். 225 கிராம் மாவுக்கு 55 கிராம் வெண்ணெய், 25 கிராம் சர்க்கரை, 150 மில்லி பால், 220 டிகிரியில் 12 முதல் 15 நிமிடம் என்பது வீடுகளில் வழங்கும் சாதாரண அளவு. மாவில் கால் பங்கு வெண்ணெய்தான், முட்டையும் பெரும்பாலும் இல்லை. அதனால் சூடாக இருக்கும்போது மெத்தென்று பிரியும், ஆறியதும் விரைவில் உலர்ந்து தொண்டையை அடைக்கும். சாண்ட்விச்சை நிதானமாகச் சாப்பிட்டு முடிப்பதற்குள் நடுத்தட்டு ஸ்கோன் ஆறிவிடும். நல்ல ஹோட்டல்கள் அதைப் பிறகு, துணியில் சுற்றித் தனியாகக் கொண்டுவரும். மூன்றும் ஒன்றாக வைக்கும் இடத்தில், “ஸ்கோனைச் சாண்ட்விச் முடிந்ததும் கொண்டுவாருங்கள்” என்று உட்காரும்போதே சொல்லிவிடுங்கள். மறுக்கமாட்டார்கள். ஏற்கெனவே வந்து ஆறிவிட்டால் சூடாக்கித் தரச் சொல்லலாம். அதுவும் முடியாத நிலையில் வரிசையை மீறி முதலில் ஸ்கோனைச் சாப்பிடுவதே புத்திசாலித்தனம். வழக்கத்தைக் காப்பாற்ற ஆறிய ஸ்கோனைத் தின்பதில் லாபம் இல்லை.

நன்றாக வெந்த ஸ்கோனின் இடுப்பில் ஒரு வெடிப்பு ஓடும். அந்த இடத்தில் கையால் திருகினால் இரண்டாகப் பிரியும். கிளாட்டட் கிரீம், பாலையோ கிரீமையோ அகன்ற பாத்திரத்தில் மெதுவாகச் சூடாக்கி, அசைக்காமல் ஆறவிட்டு, மேலே திரள்வதை எடுப்பது. நம் பாலேட்டை அடுக்கடுக்காகத் திரட்டிய மாதிரி கெட்டியாக, மேலே மஞ்சள் பொருக்கோடு இருக்கும். கார்ன்வால் பகுதியின் கிளாட்டட் கிரீமுக்கு 1998 முதல் புவிசார் பாதுகாப்பு உண்டு. குறைந்தது 55 சதவீதம் கொழுப்பு இருக்க வேண்டும் என்பது விதி. டெவன் மாவட்டத்தில் கிரீமை முதலில் பூசி மேலே ஜாம் வைப்பார்கள், கார்ன்வாலில் ஜாம் முதலில். இந்தச் சண்டை தீராது. வேறு ஊர்களில் எப்படிச் செய்தாலும் யாரும் பார்க்கமாட்டார்கள். சுடச்சுட இருக்கும் ஸ்கோனில் கிரீமை நேரடியாக வைத்தால் உருகி ஓடும் என்பதால், சூடான ஸ்கோனுக்குக் கார்ன்வால் முறை கைகொடுக்கும்.

ஜாமையும் கிரீமையும் பொதுக் கிண்ணத்திலிருந்து கரண்டியால் உங்கள் தட்டுக்கு எடுத்துக்கொண்டு, அங்கிருந்து கத்தியால் பூசுங்கள். பொதுக் கிண்ணத்தில் உங்கள் கத்தியை விடுவதுதான் உண்மையிலேயே முகம் சுளிக்க வைக்கும். இரண்டு பாதிகளையும் திரும்ப மூடிச் சாண்ட்விச்சாகக் கடித்தால் கிரீம் பக்கவாட்டில் பிதுங்கி மடியில் விழும். பாதி பாதியாகத் திறந்தபடியே சாப்பிட வேண்டும்.

மேல்தட்டு சமையல்காரரின் கைவண்ணம், இடத்துக்கு இடம் மாறும். விக்டோரியா ஸ்பஞ்ச், எலுமிச்சைப் பாகு ஊறிய கேக், பழ டார்ட், எக்லேர், மக்ரோன் என்று ஏதாவது இருக்கும். எல்லாவற்றையும் முடித்தாக வேண்டுமென்ற கட்டாயம் இல்லை.

நடைமுறையைப் பற்றி மிரட்டுபவர்கள் அதிகம். தேவையானது கொஞ்சம்தான். கோப்பையின் கைப்பிடியைப் பிடித்துக் குடியுங்கள், சுண்டுவிரலை நீட்ட வேண்டாம், அது நாடகத்தில் வரும் பழக்கம். கலக்கும்போது கரண்டி கோப்பையில் மோதாமல் முன்னும் பின்னுமாக ஆட்டி, பிறகு சாஸரில் வைத்துவிடுங்கள். குட்டை மேசையாக இருந்தால் சாஸரையும் கையில் எடுக்கலாம், சாப்பாட்டு மேசையாக இருந்தால் சாஸர் மேசையிலேயே இருக்கட்டும். சாண்ட்விச்சைக் கையால் சாப்பிடலாம். கிரீம் வழியும் கேக்குக்குச் சிறு முள்கரண்டி இருக்கும்.

மிஞ்சிய கேக்கைப் பெட்டியில் போட்டுத் தரக் கேட்பதில் வெட்கம் வேண்டாம். எல்லோரும் கேட்கிறார்கள். மீன், முட்டை, இறைச்சி சாண்ட்விச்சையும் கிரீமையும் தர மறுக்கலாம். குளிரில் வைக்க வேண்டிய உணவு வெளியில் நான்கு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதிக்கு அஞ்சித்தான். பில்லில் 12.5 சதவீதம் சேவைக் கட்டணம் சேர்ந்திருந்தால் அதற்கு மேல் டிப்ஸ் வைக்கத் தேவையில்லை. அது விருப்பக் கட்டணம் என்று எழுதியிருந்தால், சேவை மோசமாக இருந்த நாளில் எடுத்துவிடச் சொல்லவும் உரிமை உண்டு. 2024 அக்டோபர் முதல் அந்தப் பணம் முழுவதும் ஊழியர்களுக்கே போக வேண்டும் என்பது சட்டம்.

கார் இல்லாமல் போகிறவர்கள் திரும்பும் வழியை முதலிலேயே பார்த்துவிட வேண்டும். இந்த மாளிகைகள் பல ரயில் நிலையத்திலிருந்து சில மைல் தள்ளி, நடைபாதை இல்லாத சாலையில் இருக்கும். கிராமப்புறத்தில் ஞாயிறன்று பேருந்து மிகக் குறைவு, செயலியில் கூப்பிடும் டாக்ஸி பல இடங்களில் வராது. நிலையத்திலிருந்து அழைத்துவரும் உள்ளூர் டாக்ஸிக்காரரிடமே திரும்பும் நேரத்தையும் பேசிவிடுங்கள். உட்காரும் நேரத்திலிருந்து இரண்டேகால் மணி நேரம் கழித்து என்று சொன்னால் சரியாக இருக்கும்.